வெக்கை நோயும் கண்காணிப்பும்: இந்தியக் கால்நடை வரலாற்றில் ஒரு நோக்கு (1866–2006)

முன்னுரை

இந்திய வரலாற்றைக் கற்பிக்கும்போது பஞ்சங்களைப் பற்றி நாம் விரிவாகவே பேசுகிறோம். 1876இல் தொடங்கிய தென்னிந்தியப் பெரும்பஞ்சமும் கடல்கடந்து மலாயாத் தோட்டங்களை வந்தடைந்த தொழிலாளர் வரலாறும் நம் பாடத்திட்டங்களில் நிலையான இடத்தைப் பெற்றுள்ளன. ஆனால் மழை பெய்தும் ஏர் பூட்ட மாடில்லாமல் நின்ற குடும்பங்களைப் பற்றி நம் வகுப்பறைகளில் மிக அரிதாகவே பேச்செழுகிறது. ஏரும் கவலையும் வண்டியும் செக்கும் மாட்டை நம்பியிருந்த ஒரு பொருளாதாரத்தில், ஒரே வாரத்தில் தொழுவம் வெறுமையாவது ஒரு பருவத்தின் இழப்பாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அடுத்த மாட்டை வாங்கக் கடன் பட வேண்டும். கடனுக்கு நிலம் ஈடாக வேண்டும். பயிர் பொய்த்ததை வரலாற்றில் எழுதிய நாம், மாடு மடிந்ததைப் பெரும்பாலும் அடிக்குறிப்புகளுக்கே விட்டுவிட்டோம்.

அவ்வாறு தொழுவங்களை வெறுமையாக்கிய நோய்களுள் தலையாயது, ஆங்கில நூல்களில் ரிண்டர்பெஸ்ட் எனப்படும் மாட்டுக் கொள்ளைநோயாகும். தமிழில் இதற்கு வெக்கை நோய் என்று பெயர். தெலுங்கில் பெத்த ரோகம் என்றும் கன்னடத்தில் தொட்ட ரோக என்றும் வழங்கினர். இரண்டிற்கும் 'பெரிய நோய்' என்பதே பொருள். 2011ஆம் ஆண்டு இந்நோய் உலகிலிருந்து அறவே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே.

இவ்வெற்றியைத் தடுப்பூசியின் வெற்றியாகக் கூறுவதே பொது வழக்கு. அது பொய்யன்று, ஆயினும் பாதி உண்மையே. இந்தியாவைப் பொறுத்தவரை, ஊசி நோயைக் குறைத்தது; நோயை முடித்து வைத்ததோ அதனைத் தேடிச் சென்ற கண்காணிப்பாகும் என்பது நம் கருத்து.

நோயின் இயல்பு

வெக்கை கண்ட மாட்டிற்கு முதலில் கடுங்காய்ச்சல் உண்டாகும். தீவனம் எடுக்காது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயின் உட்புறத்தில் தவிடு ஒட்டியது போன்ற புண்கள் தோன்றும். பின்னர் நாற்றமுடைய கழிச்சல் மிகுந்து, உடல் நீர் வற்றி, பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் மாடு இறந்துபடும். தப்பிப் பிழைக்கும் மாட்டிற்கு வாழ்நாள் முழுவதும் இந்நோய் மீண்டும் வருவதில்லை. அம்மாடு நோயைச் சுமந்து பிறவற்றிற்குப் பரப்புவதும் இல்லை. உடலுக்கு வெளியே வெயிலிலும் காற்றிலும் இந்நச்சுயிரி நெடுநேரம் தாங்காது.

வரலாற்று மாணவர் இவ்வியல்புகளைக் கருத்தில் கொள்வது இன்றியமையாதது. பிழைத்த மாட்டிடமும் தங்காமல், மண்ணிலும் தங்காமல் இருக்கும் ஒரு நோய், உயிர்த்திருக்க வேண்டுமாயின் இதுவரை நோய் காணாத புதிய மாடுகளை அடைந்துகொண்டே இருக்க வேண்டும். அதாவது, நகராத வெக்கை அழிந்துபோகும். ஆகவே இந்நோயின் வரலாறு, மாடுகள் நடந்த வழிகளின் வரலாறாகவும் அமைகிறது. இவ்வழிகளில் நோய் இப்பொழுது எங்கே இருக்கிறது என்பதை அறிபவர் அதனை நிறுத்திவிடலாம். அறிவது எளிதன்று என்பதை அடுத்த நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் காட்டியது.

சட்டமும் சொல்லும்

1865இல் இங்கிலாந்தில் மாட்டுக் கொள்ளைநோய் பரவியபோது, நோயுற்ற மாடுகளையும் அவற்றோடு சேர்ந்திருந்தவற்றையும் கொன்று புதைத்து அந்நாடு அதனை ஒடுக்கியது. அதற்கான சட்டம் 1866இல் இயற்றப்பட்டது. அதே 1866இல் சென்னை மாகாணமும் கால்நடை நோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இந்திய அளவில் கால்நடைக் கொள்ளைநோய் ஆணையம் 1869இல் தான் அமைக்கப்பட்டது. ஹாலன் என்னும் படைத்துறைக் கால்நடை மருத்துவர் பங்கேற்ற இவ்வாணையம் 1871இல் தன் அறிக்கையை வழங்கியது. இந்தியாவில் காணப்படும் பெருநோயும் ஐரோப்பாவின் மாட்டுக் கொள்ளைநோயும் ஒன்றே என்பதை நிலைநாட்டியது அதன் முதன்மையான பயனாகும்.

எனினும் இங்கிலாந்தின் முறையை இந்தியாவில் கைக்கொள்ள இயலவில்லை. மாட்டைக் கொல்வதற்கு எதிரான சமய உணர்வு ஒரு காரணம். கொல்லப்படும் மாட்டிற்கு ஈடு கொடுக்கப் போதிய பொருளும் மனமும் அரசிடம் இல்லாமை மற்றொரு காரணம். முன்னதை மட்டுமே பல நூல்கள் கூறுகின்றன. பின்னதையும் சேர்த்தே கூற வேண்டும் என நாம் கருதுகிறோம்.

எஞ்சியது அறிவித்தலும் பிரித்து வைத்தலுமே. இவற்றிற்குக் கண்கள் வேண்டும். மாகாணத்தில் அக்கண்கள் ஊர் அலுவலர்களுடையவை. வரி தண்டுவதும் நிலக்கணக்கு எழுதுவதுமான பணிகளுக்கிடையே மாடு இறந்த செய்தியும் அவர்கள் வழியாகவே மேலே செல்ல வேண்டியிருந்தது. செல்லும் வழியில் செய்தி மாறியது. கிராமத்தார் அடைப்பான் வேறு, சப்பை நோய் வேறு, கோமாரி வேறு, வெக்கை வேறு எனப் பிரித்தறிந்தனர். இன்றைய கால்நடை மருத்துவமும் இவற்றைத் தனித்தனி நோய்களாகவே கொள்கிறது. ஆனால் ஆங்கில ஆவணங்களுள் பலவற்றில் இவையனைத்தும் 'மரெயின்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிடுகின்றன. மாடு மேய்ப்பவரிடம் நான்கு சொற்கள் இருந்தன. அவரைக் கண்காணித்த ஆட்சியிடம் ஒன்றுதான் இருந்தது. காலனிய ஆவணங்களைக் கொண்டு நோய் வரலாறு எழுத முனையும் ஆய்வு மாணவர்களுக்கு இதனை நாம் அடிக்கடி நினைவூட்ட வேண்டியுள்ளது.

ஆய்வுக்கூடமும் கப்பலும்

1889இல் புனேயில் பேரரசு நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. ஆபத்தான நோய்க்கிருமிகளைக் கையாள ஒதுக்குப்புறமான குளிர்ந்த இடம் வேண்டும் என்பதனால் 1893இல் அது இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. 1897இல் இராபர்ட் கோக் அங்கு வருகை புரிந்தார். வெக்கை நோய்க்கான எதிர்ச்சீரம் அங்கு உற்பத்தி செய்யப்பட்டது. சீரம் தந்த காப்பு சில நாட்களுக்கே நின்றது. ஆகவே நோய் புகுந்த ஊருக்கு அதனைக் காலத்தே கொண்டு சேர்க்க வேண்டும். செய்தி பிந்தினால் சீரம் பயனற்றது. 1920களில் எட்வர்ட்சு என்பவர் ஆடுகளின் வழியாகச் செலுத்தி வீரியம் குறைத்த நச்சுயிரியைக் கொண்டு நீடித்த காப்புத் தரும் தடுப்பு மருந்தை உருவாக்கினார். அம்மருந்து நாட்டு மாடுகளுக்கு ஏற்றதாயினும் காய்ச்சலையும் பால் குறைவையும் உண்டாக்கியது. ஊசிக்காரரைக் கண்டு மாட்டை ஓட்டிச் சென்று மறைத்த உழவரை அறியாமையுடையவர் என எளிதில் கூறிவிட முடியாது.

இதற்கிடையே நோய் கடல் கடந்தது. 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் வடகிழக்குக் கரையில் இத்தாலியப் படைக்கென இறக்கப்பட்ட மாடுகளோடு நோய் புகுந்தது என்பதும், அம்மாடுகள் இந்தியாவிலிருந்து சென்றவை என்பதும் பெரும்பாலான வரலாற்றாசிரியர் கருத்து. பத்தாண்டுக்குள் அது கண்டத்தின் தென்கோடி வரை சென்று, சென்ற இடங்களில் மாடுகளுள் பெரும்பகுதியை அழித்தது. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் செல்லும் வழியில் ஆன்ட்வெர்ப்புத் துறைமுகத்தில் தங்கவைக்கப்பட்ட திமில் மாடுகளால் பெல்சியத்தில் நோய் பரவியது. இந்நிகழ்ச்சியே நாடுகள் தம் கால்நடை நோய்ச் செய்திகளை ஒன்றுக்கொன்று மறைக்காமல் அறிவிக்க வேண்டும் என்ற உடன்பாட்டிற்கு வழிகோலியது. 1924இல் 28 நாடுகள் பாரிசில் கூடி அனைத்துலகக் கால்நடை நோய் அலுவலகத்தை நிறுவின. இன்றைய உலக விலங்கு நல அமைப்பு அதுவே. கீழ்த்திசையிலும் கால்நடைக் கப்பல்கள் வந்தன. சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலைப் பகுதியின் கண்டாங் கெர்பாவ் என்னும் பெயர் எருமைத் தொழுவத்தைக் குறிப்பதை நம் வாசகர் அறிவர். அவ்வணிகத்தின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியதொன்று.

எண்பது விழுக்காடு

விடுதலைக்குப் பின் 1954இல் தேசிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் மாடு, எருமைகளுள் 80 விழுக்காட்டிற்கு ஊசி போடுவது, பின்னர் எஞ்சியவற்றையும் புதிதாகப் பிறக்கும் கன்றுகளையும் தொடர்ந்து கவனிப்பது என்பதே திட்டம். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் நேர்ந்த நோய்ப் பரவல்கள் சில நூறுகளாகக் குறைந்தன. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஊர் ஊராக நடந்தும் மிதிவண்டியிலும் சென்ற கால்நடை உதவியாளர்களின் உழைப்பு அது. ஆனால் அதன் பின்னர் நோய் குறைந்த அளவிலேயே நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஊசி போட்டும் அது ஒழியவில்லை.

ஏன்? ஊசிகளின் எண்ணிக்கை அளக்கப்பட்டது; காப்புப் பெற்ற மாடுகளின் எண்ணிக்கை அளக்கப்படவில்லை. ஆண்டுதோறும் கன்றுகள் பிறந்துகொண்டிருந்தன. எளிதில் ஓட்டி வரக்கூடிய மாட்டிற்கு மீண்டும் மீண்டும் ஊசி விழுந்திருக்கும். மேய்ச்சலுக்குத் தொலைவு சென்ற மந்தைக்கு ஒருமுறையும் விழுந்திராது. மேலும், போட்ட ஊசி ஓர் அலுவலரின் பணிக்குச் சான்று. கண்டறிந்த நோயோ அவருடைய குறைக்குச் சான்று. இத்தகைய அமைப்பில் நோயைக் காணாதிருப்பதே யாவர்க்கும் நலம் பயப்பதாகிவிடுகிறது. இது யாரையும் குறை கூறும் நோக்கில் எழுதப்படுவதன்று. பள்ளிகளில் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு மட்டும் கற்பித்தலை அளக்கும் முறைக்கு ஆட்பட்ட ஆசிரியர்களாகிய நமக்கு இது நன்கு விளங்கக்கூடியதே.

ஆடுகள் எழுப்பிய ஐயம்

தென்னிந்தியாவில் மற்றொரு குழப்பமும் இருந்தது. செம்மறியாடுகளிலும் வெள்ளாடுகளிலும் வெக்கையை ஒத்த நோய் அவ்வப்போது கண்டது. அது மாட்டிலிருந்து ஆட்டிற்குத் தொற்றிய வெக்கை என்றே கொள்ளப்பட்டது. 1987இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அரசூர் என்னும் சிற்றூரில் செம்மறியாடுகளில் கண்ட நோயைப் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் சைலா அவர்களும் பிறரும் ஆராய்ந்து, அது வெக்கைக்கு நெருங்கிய உறவுடைய வேறொரு நச்சுயிரியால் வருவது என 1989இல் வெளியிட்டனர். ஆட்டுக்கொல்லி நோய் என இன்று அழைக்கப்படும் அது, இந்தியாவில் முதன்முதலில் உறுதி செய்யப்பட்ட இடம் அரசூரே. இதனால் ஆட்டில் கண்டதெல்லாம் வெக்கையன்று என்பது தெளிவாயிற்று.

ஆயின் ஆட்டில் வெக்கை வரவே வராது என்றும் கொள்வதற்கில்லை. அதே 1987இல் இலங்கையில், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணப்படாதிருந்த வெக்கை மீண்டும் தோன்றியது. இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டு வரப்பட்ட ஆடுகளே அதனைச் சுமந்து வந்தன எனக் கருதப்படுகிறது. போர் நடந்த மண்ணில் நோய் புகுந்தால் அறிவிப்பவர் யார், ஊசியோடு செல்பவர் யார்? அந்நாட்டில் நோய் ஓய 1994 வரை காலம் பிடித்தது. ஈழப்போரின் இழப்புகளை எழுதுவோர் தொழுவங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

நோயின் பெயரைத் தவறாகக் கொள்வதன் விலையை நம் நாடும் அறியும். 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய நோய், முதலில் சப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதப்பட்டது. கொசு மருந்து அடிக்கப்பட்டது; அந்நோய்க்குரிய தடுப்பூசியும் போடப்பட்டது. இதற்கிடையே பன்றிகள் விற்கப்பட்டு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை நோய் சென்றது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் புதிய நச்சுயிரி பிரித்தெடுக்கப்பட்டு, அது நிப்பா எனப் பெயர் பெற்றது. அந்நோய்ப் பரவலில் மலேசியாவில் நோயுற்றோர் மொத்தம் 265 பேர். இறந்தோர் 105 பேர். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற, ஒருவர் இறந்தார். வெக்கை மனிதரைத் தாக்குவதில்லை. ஆதலால் இரண்டையும் ஒப்பிடுவதற்கு எல்லை உண்டு. ஆனால் தவறான பெயரின் கீழ் நடைபெறும் கண்காணிப்பு எத்துணை முயன்றாலும் தவறான இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என்பது இரண்டிற்கும் பொது.

ஊசியை நிறுத்துதல்

1992இல் ஐரோப்பியச் சமூகத்தின் பொருளுதவியுடன் தேசிய வெக்கை ஒழிப்புச் செயல்திட்டம் தொடங்கியது. நாடு நோய் நிலைக்கேற்ப மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. நோய் எஞ்சியிருந்த தென்னகத் தீபகற்ப மாநிலங்களில் ஊசி தீவிரமாயிற்று. நோயற்றதாக மதிக்கப்பட்ட பகுதிகளில் ஊசி நிறுத்தப்பட்டது. இந்த இரண்டாவது முடிவே வரலாற்றுத் திருப்பம் என்போம்.

ஊசி போட்ட மாட்டின் குருதியிலும் நோயிலிருந்து பிழைத்த மாட்டின் குருதியிலும் ஒரே வகையான எதிர்ப்பொருள்களே காணப்படும். அக்காலத்துச் சோதனைகளால் இரண்டையும் வேறுபடுத்த இயலாது. ஆகவே ஊசி தொடரும் வரை குருதிச் சோதனையால் நோயின் இருப்பை அறிய வழியில்லை. நோய் இல்லை என்று உலகிற்கு மெய்ப்பிக்க வேண்டுமாயின், முதலில் காப்பை விலக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாக ஊசியே கடமை என்று பயின்ற ஒரு துறைக்கு இது எத்துணை மனத்துணிவை வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஒரு மந்தையில் நோய் ஒளிந்திருந்தாலும் காப்பற்ற இளங்கன்றுகளிடையே அது காட்டுத்தீயாகும்.

எனவே தேடல் தொடங்கியது. இதில் மூன்று முறைகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது ஊர்த் தேடல். அலுவலர் ஊருக்குச் சென்று, ஊசி போடுவதற்காக அன்றிக் கேட்பதற்காகவே மாடு வளர்ப்போரைச் சந்தித்தார். வாயில் புண், கண்ணில் நீர், கழிச்சல் ஆகிய அறிகுறிகளோடு மாடு இறந்ததுண்டா எனக் கேட்டறிந்தார். இரண்டாவது வழித் தேடல். மாடுகள் சந்தைக்கும் இறைச்சிக்கும் மேய்ச்சலுக்கும் நடக்கும் வழிகளில் மந்தைகள் பார்வையிடப்பட்டன. பொள்ளாச்சி போன்ற சந்தைகள் வழியாகக் கேரளத்திற்குச் செல்லும் மாட்டு வணிகத்தை அறிந்தோர்க்கு இதன் தேவை விளங்கும். மூன்றாவது பதிவேட்டுத் தேடல். கால்நடை மருந்தகங்களின் நாட்பதிவேடுகளைப் புரட்டி, வேறு பெயரில் எழுதப்பட்டுவிட்ட வெக்கை உண்டா எனப் பார்த்தனர்.

இம்மூன்றாவது முறை நம்மைப் பெரிதும் கவர்கிறது. 'கழிச்சல், மருந்து கொடுக்கப்பட்டது' என்று ஒரு வரியில் எழுதப்பட்ட குறிப்பை மீண்டும் படித்து, அதன் பின்னால் வேறொன்று இருந்திருக்குமோ என ஐயுறுவது வரலாற்றாய்வாளனின் தொழிலே அன்றோ! கால்நடை மருத்துவர்கள் அதனை நம்மினும் செம்மையாகச் செய்தனர். தவறினால் மாடுகள் இறக்கும் என்ற பொறுப்பு அவர்களுக்கு இருந்தது.

குருதிச் சோதனைக்கும் அடித்தளம் வேண்டியிருந்தது. பெங்களூரில் 1987இல் ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய கால்நடை நோய்க் கண்காணிப்பு மையம், 2000இல் தனித் திட்ட இயக்ககமாகவும் 2013இல் தேசிய நிறுவனமாகவும் வளர்ந்தது. எந்த ஊரில், எத்தனை மாட்டிடம் குருதி எடுத்தால் நோய் இல்லை என நம்பத்தகுந்த முறையில் கூறலாம் என்பது புள்ளியியல் வினா. ஊர் முன்சீப்பின் அறிக்கையிலிருந்து இவ்வினா வரை வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்தியாவின் இறுதி வெக்கை நோய்ப் பரவல் 1995இல் தமிழ்நாட்டில் பதிவாயிற்று. 1998இல் இந்தியா தற்காலிக நிலையில் தன்னை நோயற்ற நாடாக அறிவித்தது. அதன் பின்னும் தேடல் ஓயவில்லை. தொற்றும் அற்ற நாடு என்னும் ஏற்பு 2006 மே மாதத்தில் தான் கிடைத்தது. இறுதி நோய்க்கும் இறுதி ஏற்பிற்கும் இடையே பதினோர் ஆண்டுகள். இப்பதினோர் ஆண்டுகளில் நிகழ்ந்தது ஒன்றுமில்லை; ஒன்றும் நிகழவில்லை என்பதை நாள்தோறும் எழுதி வைத்ததே அக்காலத்தின் பணி. உலக அளவில் இறுதியாக நோய் காணப்பட்டது 2001இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவின் காட்டெருமைகளிடம் ஆகும்.

ஆட்டின் முறை

வெக்கை ஒழிந்த பின் அதன் உறவு நோயாகிய ஆட்டுக்கொல்லியின் மீது கவனம் திரும்பியது. 2015இல் உலக உணவு வேளாண் அமைப்பும் விலங்கு நல அமைப்பும் 2030க்குள் அதனை ஒழிக்க உறுதி பூண்டன. அரசூரில் எடுக்கப்பட்ட நச்சுயிரியைக் கொண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பு மருந்திற்கு 'அரசூர் 87' என்றே பெயர். 2009இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம், பட்டியலிலுள்ள நோய் தன் விலங்கிற்கு இருப்பதாக ஐயுறும் உரிமையாளர் ஊர் அலுவலருக்கோ ஊராட்சிக்கோ அறிவிக்க வேண்டும் என்கிறது. 1866ஐப் போலவே ஊரிலிருந்துதான் செய்தி புறப்பட வேண்டும்.

ஆனால் ஆடு மாடன்று. மாடு நோயுற்றால் அதனை மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்வர். மருந்தகப் பதிவேட்டில் ஒரு வரியேனும் எழும். நிலமில்லாக் குடும்பத்துப் பெண் வளர்க்கும் இரண்டு மூன்று ஆடுகளுள் ஒன்று சோர்ந்து நின்றால், அது சாகுமுன் கிடைத்த விலைக்கு விற்கப்படும், அன்றேல் அறுக்கப்படும். ஆடு ஈனும் இடைவெளி குறைவு; மந்தை விரைவில் புதியதாகிவிடும்; ஊசியின் காப்பு மந்தையிலிருந்து விரைவில் தேய்ந்துவிடும். வெக்கையைத் தேடியவர்கள் புரட்டிய நாட்பதிவேட்டில் இந்த ஆட்டிற்கு வரியில்லை. அதனை வாங்கிச் சென்ற வணிகருக்கு அது எவ்வூர் ஆடு என்பது தெரியும்.